காரப்பாளையத்தின் மேல் விழுந்த அடிகள்

திருமூர்த்தி தன் முதல் கூண்டுச் சண்டைக்கு ஏறியது பெங்களூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு. சண்டை தொடங்கிய மறுநிமிஷமே எதிராளி அவனுடைய இடது தொடையில் ஓங்கி ஓர் உதை விட்டான், அந்த உதை திருப்பூருக்குப் பக்கத்தில் காரப்பாளையத்தில் தன் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த குப்புராஜின் தொடையில் விழுந்தது. குப்புராஜ் கால் மடங்கி, பால் சட்டியோடு சாய்ந்தார். சாய்ந்தவர் "எவன்டா அவன்?" என்று திரும்பிப் பார்த்தார், பின்னால் சுவர் மட்டும் இருந்தது. அடுத்த குத்து பனியன் கம்பெனியில் ஓவர்டைமில் தைத்த பனியன்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்த செக்கிங் பெண் ஒருத்தியின் கன்னத்தில் விழுந்தது. அதற்கடுத்தது மாரியம்மன் கோயில் பூசாரியின் விலாவில். அதற்கும் அடுத்தது லாரி ஸ்டாண்டில் சீட்டாடிக்கொண்டிருந்த ஒருவரின் மூக்கில், அவர் எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் குத்தினார் என்று நினைத்துத் திருப்பிக் குத்திவிட்டார், அந்தச் சண்டை தனியாக நடந்தது.

திருமூர்த்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சாயப்பட்டறையில் நனைந்த துணி சுமக்கிற வேலை. ஈரத்துணியின் கனம் தெரிந்தவர்களுக்கு அவன் தோளும் இடுப்பும் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்பனும் ஆத்தாளும் ஒரே வருஷத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவனை வளர்த்தது அக்கா கலாமணி. கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், அதிகம் பேசாதவள். பழைய நூல் குடோன் ஒன்றில் ஜிம் வைத்திருந்த பிரிட்டோ, அவன் துணி மூட்டையைத் தூக்கி வண்டியில் வீசுவதைப் பார்த்துவிட்டுத்தான் கூண்டுக்குக் கூட்டிப்போனான். கம்பி வலைக்குள் இரண்டு பேரை விட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள், குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளிக் கழுத்தை நெரிக்கலாம். திருமூர்த்தி அதற்கென்றே பிறந்தவன் என்று பிரிட்டோ எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்தச் சண்டையில் திருமூர்த்தி ஜெயித்தான். காரப்பாளையத்தில் இரண்டு மணி நேரம் கழித்து, அடிபட்டவர்கள் ஒவ்வொருவராக டீக்கடைக்கு வந்து, தங்களுக்கு என்ன ஆயிற்று என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது, யாரோ செல்போனில் சண்டை வீடியோவைப் போட்டார்கள். முதல் உதை தொடையில் இறங்கியதும் எல்லாரும் குப்புராஜைப் பார்த்தார்கள். கன்னத்தில் குத்து விழுந்ததும் செக்கிங் பெண்ணைப் பார்த்தார்கள். மொத்தம் பதினேழு அடிகள் எண்ணினார்கள், பதினாறு பேர் இருந்தார்கள், பதினேழாவது ஆள் யார் என்று இரண்டு நாள் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது, ஒடிசாவிலிருந்து வந்து திருமூர்த்தியோடு துணி சுமந்த ஒரு ஆள், தாடை வீங்கிப்போய், யாரிடம் சொன்னால் யாருக்குத் திட்டு விழுமோ என்று பேசாமல் இருந்திருக்கிறான்.

திருமூர்த்தி மாலையும் கழுத்துமாக ஊருக்குள் வந்து இறங்கியபோது அவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. குப்புராஜ் குனிந்து அவனுடைய தொடையை அமுக்கிப் பார்த்தார்.

"வலிக்கலியா தம்பி?"

"இல்லீங்ணா."

"உதைச்சான்ல? நாங்க பாத்தோமே."

"உதைச்சானுங்ணா. எங்கியோ தூரத்துல கதவச் சாத்துன மாரி இருந்துச்சு. அவ்வளவுதானுங்க."

இது எதனால் என்று அப்போதும் யாருக்கும் தெரியாது, பிறகும் தெரியவில்லை, தெரிந்துகொள்ள யாரும் ரொம்ப மெனக்கெடவும் இல்லை. இனி என்ன செய்வது என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. கோயில் மைதானத்தில் ஊர்க் கூட்டம் போட்டார்கள். பையனைச் சண்டைக்குப் போகவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார்கள் சிலர். ஒரு சண்டைக்குப் பதினேழு அடி, ஊரில் நாலாயிரம் பேர், ஆளுக்கு ஒன்று வீதம் பங்கு வைத்தாலும் சுற்றி வர எத்தனையோ வருஷம் ஆகும், இதில் என்ன கஷ்டம் என்றார்கள் சிலர். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான் எழுந்து, அடிபட்ட பதினேழு பேரையும் நிறுத்தி, அந்த நேரம் மனசுக்குள் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டார். பதினேழு பேரும் பையன் ஜெயிக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். திருமூர்த்தியோடு ஏதோ வாய்த்தகராறு இருந்த ஒருவர் அவன் மண்ணைக் கவ்வட்டும் என்று இருந்திருக்கிறார், அவர் மேல் தூசுகூட விழவில்லை. அப்புறம் கூட்டம் கலைந்தது. நினைக்காதே என்று யார் யாருக்குச் சொல்ல முடியும்?

இப்படித்தான் அது காரப்பாளையத்தின் வழக்கங்களில் ஒன்றாயிற்று. சண்டை நாளில் அந்த அரைமணி நேரம் யாரும் வண்டி ஓட்டுவதில்லை, லாரிகளை ரோட்டோரம் ஓரங்கட்டி டிரைவர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார்கள், சவரக்கடையில் கத்தியை மடக்கி வைத்துவிடுவார்கள், பிள்ளைக்காரிகள் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுத் தள்ளி நிற்பார்கள், கம்பெனியில் மெஷின்களை நிறுத்திவிட்டு டெய்லர்கள் மடியில் கைவைத்துக் கொண்டு காத்திருப்பார்கள், அந்த நிசப்தத்தில் எங்கிருந்தாவது ஒரு "ஆத்தா!" கேட்கும், அது தெற்கு வீதி, அப்புறம் ஒரு "ஐயோ!", அது மேட்டுத் தெரு, சத்தம் வந்த திசையை வைத்தே சண்டை எப்படிப் போகிறது என்று ஊர் தெரிந்துகொள்ளும். மருத்துவமனை நர்ஸம்மா சண்டைத் தேதியைக் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு களிம்பு வாங்கி வைத்தாள். அடிபட்ட காயத்தை யாரும் மறைக்கவில்லை. சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு நடந்தார்கள். பொண்ணு பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை, "மூணாவது சண்டையில முட்டி அடி இவம்மேலதானுங் விழுந்துச்சு" என்று சொன்னாள், சம்பந்தம் முடிந்தது.

அடி விழாதவர்களுக்கு வெட்கமாக இருந்தது. வார்டு கவுன்சிலர் ஒருவர் சாயப்பட்டறையிலிருந்து கருநீலச் சாயம் வாங்கி, கண்ணுக்குக் கீழே தடவிக்கொண்டு கல்யாண வீடுகளுக்கெல்லாம் போய் வந்தார். நல்ல வீக்கம் என்றால் நாலாம் நாள் மஞ்சளாகும் என்பது அதற்குள் ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கவுன்சிலர் ஒரு வாரமாகியும் நீலமாகவே இருந்தார்.

திருமூர்த்தி ஜெயித்துக்கொண்டே போனான். அடி வலிக்காதவனை எப்படி ஜெயிப்பது? ஹைதராபாத்தில் ஜெயித்தான், மும்பையில் ஜெயித்தான், துபாயில் ஜெயித்து இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு வந்தான். அவனுடைய காயமில்லாத முகத்தைப் பனியன் விளம்பரத்துக்குக் கேட்டார்கள், அவிநாசி ரோடு முழுக்க இருபதடி உயரத்துக்கு அந்த முகம் நின்றது. அடி இப்போது ஊரைத் தாண்டி வேலூரில் ஒருத்தர் மேல் விழுந்தது, தென்காசியில் ஒருத்தர் மேல் விழுந்தது, அப்புறம் புனேயில், கட்டாக்கில், ஷார்ஜாவில் கட்டடவேலை பார்த்த ஒருவரின் முதுகில். எத்தனையோ லட்சம் பேர் அவன் ஜெயிக்கவேண்டும் என்று நினைத்தார்கள், அத்தனை பேரில் ஒரு குத்து தன்னைத் தேடி வந்ததே என்று அவர்கள் வீங்கிய உதட்டோடு படம் எடுத்துப் போட்டார்கள். காரப்பாளையத்துக்கு வருஷத்தில் இரண்டோ மூன்றோதான் வந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் திருமூர்த்திக்கு அப்போதுதான் வந்தது. மூன்றாவது சுற்றில் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு, அடி என்று முகத்தைக் காட்டுவான். எதிராளி அடிப்பான். அடித்து அடித்து அவன் கை ஓய்ந்த பிறகு திருமூர்த்தி கையை அவிழ்த்து ஒரே குத்தில் சாய்ப்பான். அரங்கமே எழுந்து கத்தும். கத்துகிறவர்களில் சிலர் கத்தும்போதே மல்லாந்து விழுவார்கள்.

வலி போன வழியிலேயே மற்றதும் போய்க்கொண்டிருந்தது என்பதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் சூடு தெரியாமல் போயிற்று. பிறகு குளிர். காற்றடித்தால் சட்டை அசைவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். கூட்டம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தும்போது, பக்கத்து ஊர்த் திருவிழா ஸ்பீக்கர் மாதிரி, வேறு யாருக்கோ நடக்கிறது என்று இருந்தது. கெட்டதாகவும் இல்லை. ஒன்றுமாகவும் இல்லை.

ஐந்தாவது வருஷம் காரில் ஊருக்கு வந்தான். கலாமணி அப்போதும் அதே லைன் வீட்டில்தான் இருந்தாள், அதே கம்பெனிக்குத்தான் போனாள். புது வீடு பார்க்கிறேன் என்று அவன் சொன்னதற்கெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்லியிருந்தாள். கம்பெனிப் பெண்கள் அவள் காதில் விழும்படி ஒன்றைப் பேசிக்கொண்டிருப்பதாக அவனுக்குத் தகவல் வந்திருந்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்து அதையே கேட்டான்.

"ஏனக்கா, இத்தன வருசத்துல உம்மேல ஒரு அடிகூட விழலியாமா?"

கலாமணி சோற்றைப் போட்டுக்கொண்டே, "ஆமாங் கண்ணு" என்றாள்.

"அப்ப நான் ஜெயிக்கோணும்னு நீ நெனைக்கவே இல்லியா?"

"இல்ல."

"ஒருக்காகூட?"

"ஒருக்காகூட இல்ல. தோத்துப்போட்டு ஊட்டுக்கு வந்தாச் சேரின்னு இருக்கறேன். ரசம் ஊத்தட்டா?"

அடுப்பிலிருந்து இறக்கிய ரசத்தை அவன் அப்படியே டம்ளரில் வாங்கிக் குடித்தான். கோபிசெட்டிபாளையத்தில் யாரோ ஒருவருக்கு நாக்கு பொத்துப்போயிற்று. அக்கா சொன்னதற்கு வருத்தப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. சட்டைப்பையில் சாவியைத் துழாவுகிற மாதிரி உள்ளுக்குள் அந்த வருத்தத்தைத் துழாவிப் பார்த்தான், கிடைக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறினான். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அந்தப் பக்கம் வரவில்லை.

அந்த ஐந்து வருஷத்தின் நடுவில் ஒரு சண்டையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றவனின் வலது காதில் எதிராளி முழங்கையால் இறக்கினான். அது காரப்பாளையத்துக்குத்தான் வந்தது. குப்புராஜுக்கு அது பத்தாவது அடி. ரத்தம் நின்றது, அந்தக் காது அப்புறம் கேட்கவில்லை. பிரிட்டோ ஒரு கூடை ஆப்பிளோடு வந்து, மூர்த்தி கொடுத்தனுப்பினான் என்றான். குப்புராஜ் கூடையை வாங்கி மேசைமேல் வைத்து, டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஆப்பிள் எடுத்துக்கொடுத்தார். கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த சண்டை நாளில் பழக்கத்துக்குப் பால் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார், அரைமணி நேரமும் கைகால் சும்மா இருந்தது, அதற்கடுத்த சண்டையின்போது சட்டியை இறக்க மறந்துபோனார், பரவாயில்லாமல்தான் இருந்தது.

அவன் ஜெயிக்கவேண்டும் என்று நினைப்பதை யாரும் முடிவெடுத்து விடவில்லை, தானாக விட்டுப்போயிற்று. ஒரு டிவிக்காரி திருமூர்த்தியிடம், உங்களுக்காக அடிபடுகிறவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள், அவன், "எனக்குத் தெரியலைங்க. எனக்கு எதுவும் தெரியறதில்லைங்க" என்றான். அது உண்மை. ஜனங்கள் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதே சமயத்தில் மணிப்பூரிலிருந்து ஒருவன் கூண்டுக்கு வந்தான், அடி பட்டால் அவனே கத்தினான், மூக்கு உடைந்தால் அவன் மூக்கே உடைந்தது, ஜனங்களுக்கு அது புதிதாக இருந்தது. அவிநாசி ரோட்டில் பனியன் விளம்பரத்தில் வேறு முகம் ஏறியது. காரப்பாளையத்தில் சண்டை நாளிலும் மெஷின்கள் ஓடின. திருமூர்த்தி இன்னும் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தான், காலி நாற்காலிகளுக்கு முன்னால்.

பத்தாவது வருஷம் முடிகிற சமயத்தில், கோயம்புத்தூரில் அவனுடைய ஜிம் வாசலில் வேட்டி கட்டிய ஒருவர் காலையிலிருந்து காத்திருப்பதாகச் சொன்னார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு முருங்கைக்காய்க் கட்டு வைத்திருந்தார்.

"ஒட்டன்சத்திரத்துலருந்து வர்றேன் தம்பி. பேரு சவரிமுத்து. காய்கறி மார்க்கெட்ல மூட்டை தச்சுக்கிட்டு இருக்கேன்."

"சொல்லுங்க."

"எம் பொஞ்சாதிய நான் அடிக்கிறேன்னு மகளிர் ஸ்டேஷன்ல ரெண்டு தடவ கூப்பிட்டு விட்டாங்க. முப்பது வருசத்துல கை நீட்டுனதில்ல தம்பி. தெருவே என்னய ஒரு மாதிரியாப் பாக்குது. மகன் துபாய்லருந்து போன் பண்ணி, அம்மாவத் தொட்டா வந்து வெட்டுவேங்கிறான். நீங்க ஒரு தடவ வந்து இன்ஸ்பெக்டரம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும்."

"என்னன்னு?"

"அடிச்சது நானில்லன்னு."

திருமூர்த்தி அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். போகச் சொல்லி மனசு ஒன்றும் உந்தவில்லை, போகாமல் இருக்கவும் காரணம் இல்லை. ஓட்டுவீட்டின் முன்னறையில் அவர் மனைவி ஆரோக்கியமேரி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இடதுகை மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. ஒரு கண் மூடியே கிடந்தது. தாடையோரம் மஞ்சள், அதற்கு மேலே பச்சை, நெற்றியில் புதுசாகக் கறுப்பு. எது எந்தச் சண்டையில் என்று அவனுக்கே சொல்லத் தெரிந்தது. அவள் அவனைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எல்லாமே உங்களுக்குத்தான் வருதாங்க?"

"ஒரு வருசமா எல்லாமே. முன்னால ஒண்ணு ரெண்டு வரும். மத்தவங்கல்லாம் விட்டுட்டாங்க போல."

"நீங்களும் விட்டுருங்க."

அவள் சிரித்தாள். சிரித்தது தாடையில் வலித்திருக்க வேண்டும், உடனே நிறுத்திக்கொண்டாள்.

"நான் என்ன வேணும்னா பிடிச்சு வச்சிருக்கேன்? மார்க்கெட் டிவியில அன்னைக்கு ஒரு நாள் பாத்தேன், ஒரு பிள்ள கையக் கட்டிக்கிட்டு நிக்கிது, இன்னொருத்தன் போட்டு அடிக்கிறான். ஐயோ, இந்தப் பிள்ள ஜெயிச்சிரணுமேன்னு தோணுச்சு. அப்பப் புடிச்சது. செபமாலை சொல்றப்பகூட ஊடால அதான் வருது. பாதர்கிட்டச் சொன்னேன், அவரும் என்ன பண்ணுவாரு?"

"நான் சண்டைய நிப்பாட்டிட்டாச் சரியாயிருமுங்களா?"

அதற்குச் சவரிமுத்து பதில் சொன்னார். "எங்க தம்பி? போன வாரம் நீங்க சேவ் பண்ணயில வெட்டிக்கிட்டீங்களா?"

திருமூர்த்தி யோசித்தான். வெட்டிக்கொண்டது உண்மைதான், ரத்தம் வரவில்லை. சவரிமுத்து மனைவியின் மோவாயில் ஒட்டியிருந்த சின்னப் பிளாஸ்திரியைக் காட்டினார்.

"இனி உங்களுக்கு வயசாகும். முட்டி வலி வரும், பல்லு வலி வரும். எல்லாம் இவளுக்குத்தான?"

ஆரோக்கியமேரி, "சும்மா இருங்க, வந்த பிள்ளகிட்ட" என்றாள். பிறகு காபி போட எழுந்தாள், ஒரு கையால் போட்டாள், கொண்டு வந்து வைத்தாள். திருமூர்த்தி அவளுடைய கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தான். இதைப் பார்த்தால் ஒரு மனுஷனுக்கு என்ன ஆகவேண்டும் என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்தது, மனப்பாடம் செய்த கணக்குச் சூத்திரம் மாதிரி. அவனுக்கு அது ஆகவில்லை. சூடு அவளுக்கு ஏறிவிடக் கூடாதென்று காபியை அரைமணி நேரம் ஆறவிட்டுக் குடித்தான். போகிற வழியில் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். அடுத்த மாதம் கொச்சியில் சண்டை இருந்தது. "அதை மட்டும் டிவியில பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு வந்தான்.

கொச்சிக்குப் போகிற வழியெல்லாம் பிரிட்டோ, எதிராளி இடது கையைக் கவனி, தாடையை உடைக்கிறவன் என்று சொல்லிக்கொண்டே வந்தான். திருமூர்த்தி சரி சரி என்றான். கூண்டுக்குள் ஏறினான், கதவைச் சாத்தினார்கள், மணி அடித்தது, எதிராளி இரண்டு எட்டு முன்னால் வந்தான். அவன் கை நீளுவதற்குள் திருமூர்த்தி முழங்காலிட்டு உட்கார்ந்து, வலது உள்ளங்கையால் தரையை மூன்று முறை தட்டினான்.

கழுத்தை நெரிக்கும்போது மூச்சு முட்டியவன், கை ஒடியப்போகிறவன், இனித் தாங்காது என்று ஒத்துக்கொள்வதற்குத்தான் அப்படித் தட்டுவது. யாரும் தொடாமலே தட்டியவன் அதுவரை கிடையாது. நடுவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிராளி தன் கையைத் தானே பார்த்துக்கொண்டான். திருமூர்த்தி இன்னொரு முறை, எல்லாருக்கும் கேட்கும்படி, மெதுவாகத் தட்டினான். ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் அரங்கம் கூவத் தொடங்கியது, அப்படி ஒரு கூச்சலை அவன் ஜெயித்தபோதுகூடக் கேட்டதில்லை. கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கும்போது, யாரோ வீசிய முழு தண்ணீர் பாட்டில் அவன் கன்னத்தில் வந்து மோதியது.

அது அவனுக்கு வலித்தது.

என்னவென்று முதலில் புரியவில்லை. முகத்தில் பாதி திடீரென்று முளைத்த மாதிரி இருந்தது. கையை அங்கே கொண்டுபோனான், படி தவறினான், விலா இரும்பு விளிம்பில் பட்டு விழுந்தான், விழுந்தவன் எழுந்திருக்காமல் வாய்விட்டு அழுதான். பத்து வருஷம் கூண்டில் நின்றவன் பாட்டில் பட்டதற்கு அழுகிறான் என்று சிரித்தார்கள். பிரிட்டோ தலையில் துண்டைப் போட்டு உள்ளே இழுத்துக்கொண்டு போனான். "போனக் குடு, போனக் குடு" என்று திருமூர்த்தி அழுகையினூடே கேட்டுக்கொண்டிருந்தான். சவரிமுத்துதான் எடுத்தார்.

"அக்கா எப்படி இருக்காங்க? அவங்களுக்கு ஒண்ணும் ஆகலீங்களே?"

"நல்லாத்தான் இருக்கா தம்பி. பாத்துக்கிட்டே இருந்தா. நீங்க தரையத் தட்டுனீங்கள்ல, சீன்னு எந்திரிச்சு உலை வைக்கப் போயிட்டா. உங்க பேரச் சொன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறா தம்பி" என்றார். அவர் குரலில் நன்றியும் சங்கடமும் கலந்திருந்தன.

இந்த உலகத்தில் அவன் ஜெயிக்கவேண்டும் என்று நினைக்கிற ஒருத்தரும் மிச்சமில்லை என்று அப்போது தெரிந்தது.

பாலக்காடு வழியாக வந்த பஸ்ஸில் ஒவ்வொரு வேகத்தடைக்கும் கத்திக்கொண்டே காரப்பாளையம் வந்து சேர்ந்தான். கலாமணி கதவைத் திறந்தாள். கன்னத்தைப் பார்த்தாள், பாயை விரித்தாள். அவன் முனகல் லைன் வீடு முழுக்கக் கேட்டது. மத்தியானத்துக்குள் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். பிரியத்தால் வரவில்லை. திருமூர்த்திக்கு வலிக்கிறதாம் என்று கேள்விப்பட்டு, அதைப் பார்க்க வந்தார்கள்.

குப்புராஜ் உள்ளே வந்து பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்தார். கேட்கிற காதை அவன் பக்கம் திருப்பினார்.

"எங்க வலிக்குது?"

"இங்கயும் இங்கயும்ங்ணா. மூச்சு உட முடியலீங். செத்துருவனாட்டம் இருக்குதுங்."

"சாவ மாட்ட. கன்னத்துல எலும்புக்கு ஒண்ணுமில்ல, எலும்புன்னா மெல்லயில சத்தம் வரும். விலாதான் கொஞ்சம் படுத்தும். பட்ட பக்கமாவே சாஞ்சு படு."

"பட்ட பக்கமாவா?"

"மொதல்ல வலிக்கும். அப்பறம் மூச்சு லேசாயிரும். படுத்துப் பாரு."

முதல் சண்டையிலேயே விலா அடி வாங்கிய பூசாரி, சாமி படியிறங்கினாற்போல உள்ளே வந்து, தும்மல் வந்தால் தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொள்ளவேண்டும் என்றார், இல்லாவிட்டால் உயிர் போய் வரும். செக்கிங் பெண், அவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள், வாசலில் நின்றபடியே, சோற்றைக் குழையப் பிசைந்து நல்ல பக்கமாக மெல்லச் சொன்னாள். மூக்கில் வாங்கியவர் ஒத்தடம் உப்பில்தான் கொடுக்கவேண்டும், மணலில் அல்ல என்றார். அதை இன்னொருவர் மறுத்தார். வலியைப் பற்றி அந்த ஊருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, பத்து வருஷம் படித்திருந்தார்கள், எது துடிக்கும், எது கனக்கும், எது விடியற்காலையில் குத்தும், எதை வெளியே சொல்ல முடியாது என்று ஒவ்வொருவரும் தன் உடம்பைத் தொட்டுக்காட்டிச் சொன்னார்கள், திருமூர்த்தி ஈரக் கண்ணோடு, பள்ளிக்கூடத்தில் முதல் நாள் உட்கார்ந்தவன் மாதிரி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்கள் சொன்ன அடிகளில் பாதி அவனுக்கு ஞாபகமே இல்லை.

"எப்பங்ணா சேரியாகும்?" என்று குப்புராஜைக் கேட்டான்.

"மூணா நாள் கொறையும்."

மூன்றாம் நாள் வந்தது. கலாமணி உப்பு ஒத்தடத்தைக் கீழே வைத்துவிட்டு, "எப்படியிருக்குது?" என்றாள். குறையவில்லை, கொஞ்சம் கூடத்தான் இருந்தது. அவன் பட்ட பக்கமாகச் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, டீக்கடைக்குச் சொல்லியனுப்பினான். குப்புராஜ் டீயோடு வந்து நின்று பார்த்தார்.

"கொறையலீங்ணா."

"எனக்கு மூணு நாள்ல கொறஞ்சுது" என்றார் குப்புராஜ். "ஆளாளுக்கு மாறுந் தம்பி."

அவன் டீயை வாங்கி வாயில் வைத்தான், அவன் நாக்கே சுட்டது, டம்ளரை இறக்கி ஊதினான்.